தானிய மண்டியில் டெஸ்

சவுத்தாம்டனிலிருந்து டார்செஸ்டருக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். தங்கை மகள் சவுத்தாம்டனில்தான் வேலையில் இருக்கிறாள். இங்கிலாந்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று என்னை வரவழைத்தவள், நான் கேட்ட ஊரைக் கேட்டதும் கொஞ்சம் ஏமாந்து போனாள்.

"அங்க என்ன மாமா இருக்கு?"

"ஒரு தானிய மண்டி."

"தானிய மண்டியப் பாக்கவா திருச்சியிலேருந்து வந்தீங்க? காந்தி மார்க்கெட்ல இல்லாததா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த மண்டியில் ஒரு நாடகம் நடந்தது. நூறு வருஷம் பிந்திப் போகிறேன், அவ்வளவுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் நடிகனில்லை. வங்கியில் எழுத்தராக இருந்தவன்; எங்கள் மனமகிழ் மன்றம் எண்பதுகளில் ஆண்டுக்கொரு நாடகம் போடும். குரல் எடுக்காததால் எனக்குக் கிடைத்தது பிராம்ப்டர் வேலை. சைடு விங்கில் ஒரு ஸ்டூல், கையில் ஸ்கிரிப்ட், ஒரு டார்ச் லைட். நடிகர் திணறினால் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. ஒருமுறை வாரப் பத்திரிகையில் வந்த சிறுகதை ஒன்றை நாடகமாக்கினோம். கதையில் மழை ஒரே வரியில் பெய்து முடிந்துவிட்டது. மேடையில் அதே மழைக்குத் தகர டப்பாவில் பட்டாணியைப் போட்டு ஒருவர் இருபது நிமிடம் உருட்ட வேண்டியிருந்தது. அதில் கொடுமைக்கார மாமனாராக நடித்தவர் எங்கள் கேஷியர். மறுநாள் காலை கவுண்டரில் ஒரு பாட்டி, "அந்தப் பொண்ண அப்படி அழ வெச்சுட்டியேப்பா" என்று அவரை ஒரு பிடி பிடித்த பிறகுதான் செல்லானையே நீட்டினார். கேஷியருக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டியோ பாராட்டவில்லை, நிஜமாகவே கோபமாக இருந்தார்.

அமெச்சூர் நாடகம் என்றால் எனக்கு அந்தக் கவுண்டர்தான். தொழில்முறை நடிகர் வேஷம் கலைத்ததும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். அமெச்சூர் நடிகர் மறுநாள் நமக்கே சில்லறை எண்ணித் தருவார். பார்ப்பவர்களுக்கு இரண்டு ஆளும் சேர்ந்தே தெரிவார்கள்.

ரயில் போர்ன்மத், பூல், வேர்ஹம் தாண்டி வூல் என்ற சின்ன நிலையத்தில் நின்றபோது, திரும்பும் வழியில் இங்கே இறங்கலாம் என்று சொல்லி வைத்தேன். வெளியே ஈரமான புல்வெளி, மாடுகள், அக்டோபர் மாதத்துத் தூறல். தாமஸ் ஹார்டியின் நாவல் நாயகி டெஸ் பால் கறந்த பள்ளத்தாக்கு இதுதான். ஹார்டி இந்தச் சீமையிலேயே பிறந்து, இங்கேயே எழுதி, இங்கேயே இறந்தவர். ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டார். டார்செஸ்டர் காஸ்டர்பிரிட்ஜ் ஆனது, வூல் வெல்பிரிட்ஜ் ஆனது, அவர் குடும்பத்தின் தேவாலயம் இருந்த ஸ்டின்ஸ்ஃபோர்ட் மெல்ஸ்டாக் ஆனது. கல்லூரியில் எங்களுக்கு 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' சுருக்கப் பதிப்பு துணைப்பாடம். காஸ்டர்பிரிட்ஜ் என்றொரு ஊர் மேப்பில் இல்லை என்றே மூன்று வருஷம் தெரியாமல் படித்தேன்.

டார்செஸ்டரில் அந்தக் கற்பனை மேயருக்கு நிஜ விலாசமே இருக்கிறது. சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய செங்கல் மாளிகையின் சுவரில், கதையில் வரும் மேயர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு இது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பின்னால் வங்கியாகிவிட்ட கட்டடம் அது. முப்பது வருஷம் வங்கியில் தேய்த்தவனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கதாபாத்திரத்துக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

ஹை ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில், மணிக்கூண்டு வைத்த கல் கட்டடம்தான் கார்ன் எக்ஸ்சேஞ்ச். 1848இல் தானிய வியாபாரத்துக்கென்று கட்டியது. மணிக்கூண்டு பிறகு வந்தது. இன்று அது கலை நிகழ்ச்சிகளுக்கான கூடம். நாங்கள் போன நேரத்தில் மாலை நிகழ்ச்சி ஒன்றுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டோம். தாராளமாக என்றார் அங்கிருந்த பெண்மணி. உயரமான கூரை. அதிகம் அலங்காரமில்லாத, நம்மூர்க் கல்யாண மண்டபத்தை ஞாபகப்படுத்தும் கூடம். நான் நேராகப் பார்த்தது மேடையின் ஓரத்தை. பிராம்ப்டர் எங்கே நின்றிருப்பார்? வலது பக்கமா, இடது பக்கமா?

1908இல் இங்கேதான் அது தொடங்கியது. டார்செஸ்டர் விவாத நாடக மன்றம் என்று ஒரு சங்கம். அதில் ஏ.எச். எவான்ஸ் என்ற மருந்துக் கடைக்காரர். கடையை மூடிய பிறகு ஹார்டியின் 'தி ட்ரம்பெட் மேஜர்' நாவலை வெட்டி ஒட்டி நாடகமாக்கினார். அடுத்த வருஷம் 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரவுட்', 1910இல் 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ'. இந்த எவான்ஸின் மகன் மாரிஸ் பின்னாளில் அமெரிக்காவில் பெரிய ஷேக்ஸ்பியர் நடிகரானார். 1968இல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் ஒராங்குட்டான் முகத்தோடு வரும் டாக்டர் ஜேயஸ் அவர்தான். தங்கை மகளுக்கு இந்த ஊரில் பிடித்த முதல் தகவல் அதுவாகத்தான் இருக்கும். உடனே போனில் தேடிப் பார்த்தாள்.

நடித்தவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள், கடை வைத்திருந்தவர்களும் உத்தியோகஸ்தர்களும். லண்டன் பத்திரிகைகளிலிருந்து விமர்சகர்கள் ரயிலேறி வந்தார்கள். காதல் காட்சிகளைவிடக் கிராமத்துக் கிழவர்கள் சாராயக் கடையில் பேசும் காட்சிகள்தான் எடுபட்டன. எடுபடாதா பின்னே? அந்தப் பேச்சை அவர்கள் ஒத்திகை பார்த்துக் கற்கவில்லை. அது வீட்டுப் பேச்சு. ஹார்டியின் டார்செட் வழக்கை லண்டன் நடிகர் பேசினால், கோயம்புத்தூர்க்காரர் திருநெல்வேலித் தமிழ் பேசி நடிக்கிற மாதிரி எங்கேயோ இடிக்கும்.

ஹார்டி இதையெல்லாம் ரசித்தார். ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தார். பழைய கரோல் பாட்டுகளைத் தன் வீட்டு நோட்டுகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் அப்பாவும் தாத்தாவும் ஸ்டின்ஸ்ஃபோர்ட் தேவாலயத்தில் இசைக் கோஷ்டியில் வாசித்தவர்கள். எவான்ஸ் ஊரை விட்டுப் போன பிறகு டி.எச். டில்லி என்பவர் பொறுப்பேற்றார். கட்டடம், கல் வேலைத் தொழிலில் இருந்தவர், ஊரின் மேயராகவும் இருந்தவர். நிஜ மேயர் மேடை கட்ட, கதை மேயரின் ஊரில் நாடகம்! குழுவுக்கு ஹார்டி பிளேயர்ஸ் என்றே பெயர் நின்றுவிட்டது. லண்டனில் குடியேறிய டார்செட்காரர்களின் சங்கம் அவர்களை அங்கே கூப்பிட்டு ஆட வைத்தது. சென்னையில் நம் மாவட்டத்துச் சங்கங்கள் ஊர்க் கரகாட்டக்காரரை வரவழைப்பது போல என்று தங்கை மகளிடம் சொன்னேன். "அங்கயும் பிரியாணிப் பொட்டலம் குடுத்திருப்பாங்களா மாமா?" என்றாள்.

1920இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' போட்டார்கள். அதில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் போய் ஆடும் 'மம்மிங்' கூத்து ஒன்று வரும். செயின்ட் ஜார்ஜ் சண்டை போட்டு, செத்தவன் எழுந்திருக்கிற கூத்து. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று நடிகர்கள் வேஷத்தோடு ஹார்டியின் வீட்டுக்கே போய் அதை ஆடிக் காட்டினார்கள். கிராமத்திலிருந்து நாவலுக்குள் போனது, நாவலிலிருந்து மேடைக்கு வந்தது, மேடையிலிருந்து மறுபடி வீட்டு வாசலுக்கு. அப்போது கிழவருக்கு எண்பது வயது.

கெர்ட்ரூட் புக்ளரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவருக்காகத்தான் வந்தேன்.

சவுத் ஸ்ட்ரீட்டில் தின்பண்டக் கடை வைத்திருந்தவரின் மகள். 1897இல் பிறந்தவர். 1913இல், பதினாறு வயதில், 'தி வுட்லேண்டர்ஸ்' நாடகத்தில் மார்ட்டி சவுத்தாக முதலில் மேடையேறினார். 1920இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாடகத்தில் நாயகி யூஸ்டேசியா. அதற்கு அடுத்த வருஷம் தன் உறவினரான ஒரு விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டு மேற்கே பெமின்ஸ்டருக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா இளவயதில் கிங்ஸ்டன் மார்வர்ட் பண்ணையில் பால் கறந்தவர். அந்தப் பெண்ணைப் பார்த்ததில்தான் டெஸ் என்ற பால்காரப் பெண்ணின் முகம் ஹார்டிக்குக் கிடைத்தது. நாவல் வெளியானது 1891இல். ஆக, நாயகியின் மகள் அந்த நாவலுக்கு ஆறு வயது இளையவர்.

'டெஸ்'ஸை ஹார்டி 1890களிலேயே தன் கையால் நாடகமாக்கியிருந்தார். அந்தக் காலத்துப் பெரிய நடிகைகளோடு பேச்சு நடந்தது. எதுவும் கூடி வரவில்லை. கைப்பிரதி முப்பது வருஷம் அப்படியே கிடந்தது. 1924இல் அதை எடுத்துத் தூசி தட்டி இந்த ஊர்க் குழுவிடம் கொடுத்தார், கெர்ட்ரூட்தான் டெஸ் என்று. அப்போது அவருக்குக் கைக்குழந்தை. பெமின்ஸ்டரிலிருந்து ஒத்திகைக்கு வந்து போனார். ஊர் டாக்டர் ஒருவர், டெஸ்ஸை விட்டுப் போகும் கணவன் ஏஞ்சல் கிளேராக நடித்தார். கெர்ட்ரூடின் தங்கை நோரி, டெஸ்ஸின் தங்கை லைசா-லூ. மேடையில் அக்கா தங்கை. வீட்டிலும் அக்கா தங்கை.

1924 நவம்பர் 26. இந்தக் கூடம். கடைசிக் காட்சி ஸ்டோன்ஹெஞ்ச். தானிய மண்டிக்குள் அந்தக் கற்களை நிற்க வைத்தார்கள். எண்பத்து நான்கு வயது ஹார்டி வந்திருந்தார். நாடகம் பெரிய வெற்றி. இங்கே நின்று நான் நினைத்துக்கொண்டது வெற்றியை அல்ல. பார்வையாளர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்ணின் அப்பா கடையில் பன் வாங்கியிருப்பார்கள், எத்தனை பேருக்கு அவள் அம்மா பால் கறந்த கதை தெரிந்திருக்கும் என்றுதான். டெஸ்ஸுக்கு நேர்வது கதைதானே என்று அவர்களால் தள்ளி வைத்திருக்க முடியாது. எங்கள் பாட்டி கேஷியரைப் பிடித்தது போல யாராவது மறுநாள் டாக்டரின் மருந்தறையில் போய், "அவளை அப்படி விட்டுட்டுப் போவலாமா?" என்று கேட்டிருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசை.

மண்டியிலிருந்து ஹார்டியின் வீடு மேக்ஸ் கேட்டுக்கு நடந்தோம். அரை மணி நடை, குடையோடு. கட்டடக் கலைஞராக இருந்த ஹார்டி தானே வரைந்து, அவர் குடும்பத்தின் பரம்பரைத் தொழிலாகிய கொத்து வேலையில் எழும்பிய வீடு; 1885இல் குடியேறினார். பிரபலத்தின் வீடு என்று நம்பமுடியாதபடி ஒரு இறுக்கம். தோட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளின் கல்லறைகள் இருக்கின்றன. வருகிறவர்களையெல்லாம் கடித்து வைத்த வெசெக்ஸ் என்ற நாய்க்கும் ஒரு கல். தங்கை மகள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வரவேற்பறை ஜன்னலோரம் நின்றேன்.

ஏனென்றால் மிச்சக் கதை இந்த அறையில்தான் நடந்தது. 'டெஸ்' வெற்றியைக் கேட்டு லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டரின் நிர்வாகி ஃப்ரெடரிக் ஹாரிசன், கெர்ட்ரூடையே வைத்து அங்கே பகல் காட்சிகள் நடத்த முன்வந்தார். தின்பண்டக் கடைக்காரர் மகளுக்கு ஹேமார்க்கெட்! எல்லாம் பேசி முடிந்திருந்த நேரம். 1925 தொடக்கத்தில் ஹார்டியின் இரண்டாவது மனைவி ஃப்ளோரன்ஸ், கணவரிடம் சொல்லாமல், பெமின்ஸ்டருக்குப் போனார். நடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீ லண்டனில் ஆடினால் இவர் பார்க்கக் கிளம்புவார், இந்த வயதில் உடம்பு தாங்காது என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது பொறாமை. ஹார்டி அந்தப் பெண்ணை நினைத்து எழுதிய கவிதையைத் தான் அழித்துவிட்டதாகவும் ஃப்ளோரன்ஸ் சொன்னார் என்று கெர்ட்ரூட் பல காலம் கழித்துப் பதிவு செய்திருக்கிறார். கெர்ட்ரூட் மறுபேச்சில்லாமல் ஹாரிசனுக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டார். குழந்தைக்காக விலகினாள் போல என்று ஹார்டி எண்ணிக்கொண்டார்.

ஃப்ளோரன்ஸைத் திட்டுவது சுலபம். எழுதியவர்கள் பெரும்பாலும் திட்டியிருக்கிறார்கள். எனக்கு அவர் மேல் பாதிக் கோபம்தான். தன்னைவிட முப்பத்தெட்டு வயது மூத்தவரைக் கட்டிக்கொண்டு, அவருக்குத் தட்டச்சு செய்து, இறந்துபோன முதல் மனைவி எம்மாவைப் பற்றி அவர் எழுதித் தள்ளிய கவிதைகளைச் சகித்த பெண். பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து நிற்கிறாள் இன்னொருத்தி, நடிகையாக இல்லை, டெஸ்ஸாகவே. ஊரார் பார்த்த அந்த இரண்டு ஆளையும் கிழவர் ஒரே ஆளாகப் பார்த்துவிட்டார் என்றுதான் ஃப்ளோரன்ஸ் பயந்திருக்க வேண்டும். எங்கள் பாட்டி செய்த அதே தப்பு. லண்டனிலிருந்து ஒரு நடிகை வந்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

வரத்தான் செய்தார்கள். 1925இல் லண்டன் பார்ன்ஸ் தியேட்டரில் க்வென் ஃப்ராங்சன்-டேவிஸ் டெஸ்ஸாக நடித்தார். ஹார்டியால் போக முடியவில்லை. அதனால் அந்த டிசம்பரில் தொழில்முறை நடிகர்கள் ரயிலேறி மேக்ஸ் கேட்டுக்கு வந்து, இந்த வரவேற்பறையிலேயே நாடகத்தை நடித்துக் காட்டினார்கள். மேடை இல்லை, திரை இல்லை. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, கணப்புக்குப் பக்கத்தில் டெஸ். அறையை நான் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். எங்கள் மன்றத்து ஒத்திகை அறையை விடச் சற்றுதான் பெரிது. கிழவர் சந்தோஷப்பட்டார். ஃப்ளோரன்ஸும் சந்தோஷப்பட்டார். கெர்ட்ரூட் அப்போது பெமின்ஸ்டரில்.

ஹார்டி 1928 ஜனவரியில் இறந்தார். சாம்பல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில், இதயம் மட்டும் ஸ்டின்ஸ்ஃபோர்டில் என்று பங்கு பிரித்தார்கள். 1929இல், முப்பத்திரண்டு வயதில், கெர்ட்ரூட் கடைசியில் லண்டன் ட்யூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் டெஸ்ஸாக ஆடினார். பிறகு வீடு திரும்பினார். 1992 வரை வாழ்ந்தார். தங்கை நோரி அதையும் தாண்டிவிட்டார். 2005இல் அவருடைய ஊக்கத்தில் நியூ ஹார்டி பிளேயர்ஸ் என்று மறுபடி ஒரு அமெச்சூர் குழு கிளம்பியது; நூறை நெருங்கிய வயதில் அவரும் அவர்களோடு மேடையில் நின்றார். 2011இல் இறந்தபோது வயது 105. நாவலின் கடைசிப் பக்கத்தில் லைசா-லூவுக்கு ஹார்டி கொடுத்தது ஒரு நடைதான்.

திரும்பும்போது சொன்னபடி வூலில் இறங்கினோம். நிலையத்தின் ரயில்வே கேட்டைத் தாண்டி ஐந்தாறு நிமிடம் நடந்தால் ஃப்ரூம் ஆறு. அதன் மேல் பழைய கல் பாலம். அக்கரையில் வூல்பிரிட்ஜ் மேனர். பதினேழாம் நூற்றாண்டு வீடு. கல்யாண இரவில் டெஸ் தன் கதையைச் சொல்லி, ஏஞ்சலை இழந்தது இங்கே வைத்துத்தான். 1924இல் அந்தக் காட்சிக்கான ஒத்திகை ஒன்றை இந்த வீட்டுக்குள்ளேயே நடத்தினார்கள், ஹார்டியும் கூட இருந்தார் என்று படித்திருக்கிறேன். தனியார் இடம்; உள்ளே போகவில்லை. ஆற்றங்கரையில் நின்று ஜன்னல்களைப் பார்த்தேன். அந்த ஒத்திகையில் பிராம்ப்டர் எங்கே நின்றிருப்பார்? மேடையே இல்லாத இடத்தில் சைடு விங் ஏது? கதவுக்குப் பின்னால் நின்றிருக்கலாம். எழுதியவரே பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிராம்ப்டருக்கு என்ன வேலை என்றும் தோன்றியது.

"மாமா, டிரெயின் போயிடுச்சு. அடுத்தது ஒரு மணி நேரம்." நான் வேடிக்கை பார்த்த வேடிக்கையில் தவறவிட்டது. மழை விட்டிருந்தது. பாலத்திலேயே நின்றோம்.

கைப்பிடிச் சுவரில் ஒரு இரும்புப் பலகை பதித்திருக்கிறது. நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்துச் சட்டம். இந்த மாவட்டத்துப் பாலங்கள் பலவற்றில் இருக்கிறது. பாலத்துக்குச் சேதம் செய்கிறவனுக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பலகை. தங்கை மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குடையைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு, நீதிபதி குரலில் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. எதிரே நாயோடு வந்த ஒரு கிழவர் ஒதுங்கி நின்று கேட்டார். நன்றாகத்தான் படித்தாள். கடைசி வரியில் பாசியும் துருவும் எழுத்தை மறைத்த இடத்தில் குரல் நின்றது.

"ட்ரான்ஸ்போர்ட்டட் ஃபார்… ஃபார்…"

"லைஃப்" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.